பாலா, சாப்பாடா? ஆறு மாதக் குழந்தைக்கு எது முதலில், எவ்வளவு, எப்போது?

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. நல்ல நாள் பார்த்து முதல் சோறும் ஊட்டியாச்சு. அதுவரை வீட்டில் இருந்தது ஒரே கேள்விதான்: "பால் பத்துதா?" இப்போது ஆளுக்கொரு கருத்து.

"பால்லயே வயிறு ரொம்பிடுது, அப்புறம் எப்படி சோறு இறங்கும்? பாலைக் குறைம்மா" என்பார் மாமியார். "பச்சப்புள்ளைக்கு எதுக்கு இப்பவே சோறு? ஒரு வயசு வரைக்கும் தாய்ப்பாலே போதும்" என்பார் அம்மா. இரண்டுக்கும் நடுவில், மடியில் குழந்தையும் கையில் கிண்ணமுமாக நீங்கள். ஊட்டிய ராகிக்கூழ் பாதி தாடையில், மீதி உங்கள் நைட்டியில்.

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், எந்த ஒன்றை அப்படியே பிடித்துக்கொண்டாலும் குழந்தைக்குச் சிக்கல்தான். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பாலைக் குறைத்துவிட்டு உணவு கொடுப்பதில்லை, உணவு கூடக் கூட, பால் தானாகக் குறையும். இந்த மாற்றம் ஒரு வாரத்தில் முடிகிற விஷயமில்லை. ஆறாவது மாதத்தில் தொடங்கி, ஒரு வயதைத் தாண்டியும் மெதுவாக நடக்கும்.

வயிறு எவ்வளவு, தேவை எவ்வளவு?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவு, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மி.லி. எட்டு கிலோ குழந்தை என்றால் 240 மி.லி. அதாவது, ஒரு பெரிய டம்ளர். அதற்குள்தான் பாலும் சோறும் இடம் பிடிக்க வேண்டும்.

இனி தேவையைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு உணவிலிருந்து ஒரு நாளைக்குக் கிடைக்க வேண்டிய கலோரி இவ்வளவுதான்:

• 6 – 8 மாதம்: சுமார் 200 கலோரி
• 9 – 11 மாதம்: சுமார் 300 கலோரி
• 12 – 23 மாதம்: சுமார் 550 கலோரி

ஏழு மாதக் குழந்தைக்கு நாள் முழுக்கத் தேவைப்படுவது ஏறக்குறைய 600 கலோரி. அதில் 400 பாலிலிருந்தே வந்துவிடும். உணவு கொடுக்க வேண்டியது மூன்றில் ஒரு பங்கு மட்டும். பத்து மாதத்தில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஒரு வயதுக்குப் பிறகுதான் சாப்பாடு முன்னால் போகிறது. அப்போதும் மூன்றில் ஒரு பங்கு சக்தியைத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே, ஏழு மாதத்தில் மூன்று ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை 'சாப்பிடாத குழந்தை' அல்ல. அதன் வயதுக்கு அது சரியாகவே சாப்பிடுகிறது.

பாலைச் சீக்கிரம் குறைத்தால் என்ன ஆகும்?

"சோறு ஆரம்பிச்சாச்சே" என்று பகல் பாலை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் தண்ணியாகக் கரைத்த அரிசிக் கஞ்சியோ, பருப்புத் தண்ணீரோ கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். வயிறு நிறையும், குழந்தை தூங்கிவிடும். ஆனால், தண்ணிக் கஞ்சியில் இருக்கும் சக்தி, அதே அளவு தாய்ப்பாலில் இருப்பதைவிடக் குறைவு. பாலில் இருக்கும் கொழுப்பு, புரதம், நோய் எதிர்ப்புச் சக்தி எதுவும் அதில் இல்லை. நல்லதை எடுத்துவிட்டு, அதைவிடக் குறைந்த ஒன்றை வைக்கிறோம். இரண்டு மூன்று மாதம் கழித்து எடை பார்க்கும்போதுதான் அது தெரியவரும்.

எனவே, கஞ்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சுலபமான சோதனை: ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகி ஓடக்கூடாது, ஸ்பூனிலேயே நிற்க வேண்டும். பருப்பின் மேல் தெளிந்த தண்ணீரை அல்ல, பருப்பையே மசித்துக் கொடுங்கள். கூடவே அரை ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ. சின்ன வயிறு என்பதால், ஒவ்வொரு ஸ்பூனும் சத்துள்ளதாக இருக்க வேண்டும்.

பாலே போதும் என்று விட்டால்?

இதுதான் பலர் கவனிக்காத பக்கம். பிறக்கும்போது குழந்தை தன் உடம்பில் கொஞ்சம் இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதன் பிறகு தேவைப்படுவதில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

வராவிட்டால் ரத்தசோகை. 2019 – 21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57.4 சதவிகிதம். கொழுகொழு என்று இருக்கும் குழந்தைக்கும் இது வரும். பாலால் எடை ஏறியிருக்கும், ரத்தம் குறைந்திருக்கும். மூளை வேகமாக வளரும் இந்த வயதில் இரும்புச்சத்து குறைந்தால், கவனம், கற்றல் என்று பிற்காலத்தையும் பாதிக்கும். அதனால்தான் 'ஒரு வயசுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது.

எது முதலில்: பாலா, சோறா?

தினமும் எழும் சந்தேகம் இது. வயதை வைத்து முடிவு செய்யலாம்.

6 – 8 மாதம்: பால் முதலில். ஆனால், வயிறு முட்டப் பால் குடித்த உடனே கிண்ணத்தை நீட்டினால் குழந்தை வாயைத் திறக்காது. பசியில் அலறும்போது ஸ்பூனைக் காட்டினாலும் கோபம்தான் வரும். பால் கொடுத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்து, லேசான பசியும் நல்ல மூடும் இருக்கும்போது ஊட்டுங்கள்.

9 – 11 மாதம்: இடம் மாற்றுங்கள். காலை, மதியம், மாலைச் சாப்பாட்டு நேரங்களில் உணவு முதலில்; பிறகு கேட்டால் பால். தூங்கி எழுந்ததும், இரவு தூங்கப்போகும் முன்னும் பால் வழக்கம்போல.

ஒரு வயதுக்குப் பிறகு: சாப்பாடுதான் முதலில். வீட்டில் எல்லோரும் சாப்பிடும் அதே உணவை, உப்பு காரம் குறைத்து, மசித்து. பால் அதற்குத் துணை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், எப்போது தொடங்குவது என்பதை மட்டும் உங்கள் குழந்தைநல மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

கீழே இருப்பது மாதிரி மட்டும்தான். கடிகாரத்தைப் பார்க்காமல், உங்கள் குழந்தையின் தூக்கத்தையும் பசியையும் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏழு மாதம்
• எழுந்ததும்: தாய்ப்பால்
• காலை 9 மணிவாக்கில்: நெய் விட்ட கெட்டி ராகிக்கூழ் அல்லது மசித்த இட்லி, 3 – 4 டேபிள் ஸ்பூன்
• 11 மணி: தாய்ப்பால், தூக்கம்
• மதியம் 1 மணி: குழைந்த பாசிப்பருப்பு சாதம், அதில் மசித்த கீரை அல்லது கேரட்
• பிற்பகல்: தாய்ப்பால்
• மாலை: மசித்த வாழைப்பழம் அல்லது பப்பாளி, இரண்டு ஸ்பூன்
• இரவும் நள்ளிரவும்: கேட்கும்போது தாய்ப்பால்

தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 2 – 3 டேபிள் ஸ்பூன், நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. எட்டு மாதம் முடிவதற்குள் 250 மி.லி கிண்ணத்தில் பாதி வரை வந்தால் போதும்.

பத்து மாதம்
• எழுந்ததும்: தாய்ப்பால்
• காலை: ஒரு இட்லி அல்லது மெத்தென்ற தோசை, பருப்பு சாம்பாரில் ஊறவைத்து
• முற்பகல்: தாய்ப்பால்
• மதியம்: சாதம், பருப்பு, காய், முட்டை, மீன் சாப்பிடும் வீடு என்றால் அதுவும்
• மாலை: பழம் அல்லது வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பிறகு பால்
• இரவு: கிச்சடி அல்லது ரவை உப்புமா போல மெத்தென்று ஏதாவது
• தூங்கும் முன்: தாய்ப்பால்

ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம், நாளைக்கு மூன்று நான்கு வேளை. மிக்ஸியில் அடிப்பதை இந்த வயதுக்குள் நிறுத்திவிடுங்கள். கையால் மசித்தாலே போதும். கட்டி இல்லாமல் கூழாகவே பழகிவிட்டால், பிறகு மென்று சாப்பிடவே மறுக்கும்.

ஒரு வயது
மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் ஒன்றிரண்டு சிறு தீனி. ஒரு வேளைக்கு முக்கால் கிண்ணம் முதல் முழுக் கிண்ணம். தாய்ப்பால் காலையிலும் இரவிலும், கேட்டால் இடையிலும். இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் தாய்ப்பால் தொடரலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பவுடர் பால் குடிக்கும் குழந்தையா?

தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போனதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். இங்கேயும் அதே விதிதான். ஏழெட்டு மாதத்தில் நாளைக்குத் தோராயமாக 600 மி.லி, ஒரு வயதை நெருங்கும்போது 400 மி.லி அளவுக்கு வந்துவிடும். குழந்தைக்குக் குழந்தை இது கொஞ்சம் கூடும், குறையும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றிக் கரைக்காதீர்கள். பாட்டிலில் கஞ்சி மாவைக் கலந்து கொடுப்பதும் வேண்டாம். எட்டு, ஒன்பது மாதத்திலிருந்தே டம்ளரைப் பழக்கினால், ஒரு வயதில் பாட்டிலை விடுவது சுலபம்.

பசும்பால் எப்போது?

ஒரு வயது முடியும் வரை பசும்பாலோ, பாக்கெட் பாலோ குழந்தையின் முக்கியப் பாலாக இருக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. உணவிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் அது தடுக்கும். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தக்கசிவும் ஏற்படலாம். சாதத்தில் ஒரு ஸ்பூன் தயிர் சேர்ப்பதில் தவறில்லை.

ஒரு வயதுக்குப் பிறகு கொடுக்கலாம். நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். "சோறே சாப்பிட மாட்டேங்கறான், பாலாவது குடிக்கட்டும்" என்று மூன்று, நான்கு பாட்டில் கொடுப்பார்கள். பால் குடிப்பதால்தான் அவன் சோறு சாப்பிடவில்லை என்பது புரிவதற்குள், ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும்.

இரும்புச்சத்தைத் தட்டில் கொண்டுவருவது எப்படி?

• முட்டை, மீன், கோழி, ஆட்டு ஈரல் (ஈரல் வாரம் ஒருமுறை சிறிதளவு) சாப்பிடும் வீடுகளில் ஆறு மாதத்துக்குப் பிறகே நன்றாக வேகவைத்து, மசித்துக் கொடுக்கலாம். மஞ்சள் கரு மட்டும்தான் என்றில்லை, முழு முட்டையும் கொடுக்கலாம்.
• சைவ வீடுகளில் பருப்பு, முளைகட்டிய பயறு, ராகி, கம்பு, கீரை. இவற்றோடு தக்காளி, எலுமிச்சைச்சாறு, கொய்யா, நெல்லிக்காய் போல வைட்டமின் சி உள்ளது ஏதாவது ஒன்று சேர்ந்தால், இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.
• டீயில் தோய்த்த பிஸ்கட் வேண்டவே வேண்டாம். டீ இரும்புச்சத்தைத் தடுக்கும். பிஸ்கட்டில் இருப்பது மைதாவும் சர்க்கரையும்.
• ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரு முறை 1 மி.லி இரும்புச்சத்து சிரப் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. அங்கன்வாடியில் சத்துமாவும் கிடைக்கும். தடுப்பூசி போடப் போகும்போது கிராம சுகாதார செவிலியரிடமோ, மருத்துவரிடமோ கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

புது உணவு எதையும் ஒவ்வொன்றாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் பாருங்கள். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, கைக்குழந்தையின் நரம்புகளைப் பாதிக்கும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை போன்றவை தொண்டையில் சிக்கும். ஐந்து வயது வரை முழுசாகக் கொடுக்காதீர்கள்.

வேலைக்குத் திரும்புகிறீர்களா?

2017-ல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. பிரசவத்துக்கு முன்பே சில வாரங்களை எடுத்திருந்தால், குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்கு முன்பே ஆபீஸ் போக வேண்டியிருக்கும். குழந்தைக்குப் புது உணவும், அம்மா இல்லாத பகலும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அந்த அவசரத்தில் முதலில் பலியாவது தாய்ப்பால்தான்.

அவசியமில்லை. காலையில் கிளம்பும் முன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை, இரவில் ஒன்றிரண்டு முறை நேரடியாகக் கொடுங்கள். பகலுக்குப் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். 25 டிகிரி வெப்பம் வரை வெளியில் 4 மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் வெயிலில் அதை நம்ப வேண்டாம். உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், 4 நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து மிதமாகச் சூடாக்குங்கள். அடுப்பில் காய்ச்சுவதும் மைக்ரோவேவும் வேண்டாம். பாட்டில் குடிக்க மறுத்தால் பாலாடையிலோ, சின்ன டம்ளரிலோ கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை எடுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பகலில் நீங்கள் இல்லாததால், சில குழந்தைகள் சரியாகச் சாப்பிடாமல் ராத்திரி முழுக்கப் பால் கேட்கும். "ராத்திரி பாலை நிறுத்து, தானா சாப்பிடும்" என்பார்கள். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மாலையில் வந்ததும் நிதானமாக ஒரு முறை கொடுத்து, தூங்கும் முன் ஒரு நல்ல சாப்பாடும் பாலும் கொடுத்துப் பாருங்கள். இரவுத் தேடல் மெதுவாகக் குறையும்.

பிடிக்காத நாட்கள்

பல் முளைக்கும்போது, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வரும்போது குழந்தை சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் பாலுக்கே திரும்பும். விடுங்கள். அந்த நாட்களில் பால்தான் தண்ணீரும் சாப்பாடும். குணமான பிறகு இரண்டு வாரம், தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் விட்டதைப் பிடித்துவிடும்.

மூக்கைப் பிடித்து ஊட்டுவது, போனில் ரைம்ஸ் ஓடவிட்டு வாய்க்குள் தள்ளுவது இரண்டும் வேண்டாம். இரண்டு வயது வரை ஸ்க்ரீனே கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். முகத்தைத் திருப்பினால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். இன்று துப்பிய பூசணிக்காயைப் பத்தாவது முறை விரும்பிச் சாப்பிடும் குழந்தைகள் நிறைய உண்டு.

பால் மறக்கடிக்க நினைக்கும்போது

ஒரு வயதோ, இரண்டு வயதோ, எப்போது நிறுத்துவது என்பது உங்கள் முடிவு. வேப்பிலையை அரைத்துப் பூசி ஒரே நாளில் நிறுத்தினால் குழந்தை ஏங்கிப்போகும். உங்களுக்கும் பால்கட்டி, வலி, காய்ச்சல் வரை போகலாம். குழந்தை அதிகம் தேடாத ஒரு வேளையை முதலில் விடுங்கள். சில நாட்கள் கழித்து அடுத்தது. தூங்கும் முன் கொடுப்பதைக் கடைசியாக வையுங்கள். விட்ட வேளையில் சாப்பாடும், கூடவே உங்கள் மடியும் கிடைக்கட்டும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

• அடுத்தடுத்த இரண்டு மாதம் எடை ஏறவில்லை என்றால்
• நாளைக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் போனால்
• ஒன்பது மாதம் ஆகியும் எந்தத் திட உணவையும் ஏற்காவிட்டால்
• உள்ளங்கை, உதடு, கண்ணின் உள்பகுதி வெளிறியிருந்தால். மண், சுவர்ச் சுண்ணாம்பு என்று எடுத்துத் தின்றால்
• புது உணவு கொடுத்ததும் உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ (இதற்கு மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்)

மற்றபடி, பிறந்த எடை ஒரு வயதில் மூன்று மடங்காகியிருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாமல், உங்கள் கையில் இருக்கும் தாய்-சேய் நல அட்டையில் எடைக்கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். கோடு சீராக மேலே போனால், இன்று தாடையில் வழிந்த ராகிக்கூழைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். துடைத்துவிட்டு, ஒரு வாய்ப் பால் கொடுங்கள். நாளைக்கு இன்னும் ஒரு ஸ்பூன் கூடுதலாக உள்ளே போகும்.